மூன்றாம் தண்டவாளம் உறைந்த நாளில் டொர்னேடோ

2009 டிசம்பர் 21, திங்கட்கிழமை. லண்டன் விக்டோரியா நிலையத்தில், இங்கிலாந்தின் தென்கிழக்கு மாவட்டமான கென்ட் பக்கம் வீடு திரும்ப வேண்டியவர்கள் ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆஷ்ஃபோர்டுக்கும் டோவருக்கும் இடையே ரயில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. கடுங்குளிரில் மின்சாரத் தண்டவாளம் உறைந்துவிட்டது. அதே நிலையத்தில், சுற்றுலாச் சிறப்பு ரயில் ஒன்றை இழுக்க வந்திருந்த டொர்னேடோ என்ற நீராவி இன்ஜின் புகைவிட்டு நின்றது. காலியாக இருந்த இருக்கைகளில் ஏறத்தாழ 100 பேருக்குக் கட்டணமின்றி இடம் தருவதாகச் சொன்னார்கள். ஏறியவர்கள் கரி வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பழசு புதுசை வென்றது என்ற தொனியில் இந்தச் செய்தி பல நாடுகளுக்குப் போனது. அந்தத் தொனி நிகழ்ச்சியின் சாரத்தையே மறைத்துவிடுகிறது. டொர்னேடோ பழைய இன்ஜினே கிடையாது. அது முதன்முதலாக நீராவியில் நகர்ந்தது 2008 ஆகஸ்டில். கென்ட் பகுதியில் ஓடிய மின்சார ரயில்களில் பல அதைவிட வயதானவை. இன்னொன்று, அது நீராவி இன்ஜின் என்பதைவிட, அந்த மாலையில் அடுப்பு எரிந்து, பாய்லர் கொதித்து, பெட்டிகள் கோத்து, ஆட்களும் அனுமதியும் கையில் இருக்க நின்றது என்பதுதான் பயணிகளுக்கு உதவியது. ஷெட்டில் குளிர்ந்து கிடந்திருந்தால் அடுத்த நாள் மாலைக்குள்கூட அது கிளம்பியிருக்குமா என்பது சந்தேகம்.

முதலில் மின்சார ரயில் ஏன் நின்றது என்று பார்ப்போம். நம் ஊரில் மின்சார ரயில் என்றால் தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் கம்பிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் தென்கிழக்கில் அது வேறு. ஓடும் தண்டவாளத்துக்கு வெளிப்பக்கம், மின்காப்பான்களின் மேல், மூன்றாவதாக ஒரு தண்டவாளம் கிடக்கும். அதில் 750 வோல்ட் நேர் மின்சாரம். ரயிலின் சக்கரச் சட்டத்திலிருந்து நீளும் இரும்புக் காலணி அந்தத் தண்டவாளத்தின் மேற்பரப்பில் உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும். இதில் பலவீனமான இடமே அந்த மேற்பரப்புதான். மழையும் பனியும் நேராக அதன்மேல் விழுகின்றன. ஈரம் உறைந்து கண்ணாடித்தாள் போல மெல்லிய படலம் படிந்தாலே போதும், காலணி இரும்பைத் தொடாமல் பனிமேல் சறுக்கும். தொட்டும் தொடாமலும் போகும்போது நீலப் பொறி பறக்கும். பழைய ரயில்கள் இந்த வெட்டுக்களை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தற்கால ரயில்களில் மோட்டாருக்கு முன்னால், மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்னணு இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜ் விட்டுவிட்டு வந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அது தொடர்பைத் துண்டித்துவிடும். ஏற்றத்தில், வேகம் குறைந்த நிலையில், இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் வண்டி நின்றுவிடும். நின்ற இடத்தில் காலணிகளுக்குக் கீழே பனி இருந்தால் மறுபடி கிளப்பவும் முடியாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பெர்லினின் நகர ரயிலிலும் லண்டனின் டாக்லேண்ட்ஸ் ரயிலிலும் காலணி மூன்றாம் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது. மேலே மூடி இருப்பதால் பனி அவ்வளவு எளிதில் படியாது. ஆனால் கென்ட்டில் கிடக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை அப்படி மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிது. அதனால் பனி உருக்கும் திரவத்தைத் தெளிக்கும் தனி வண்டிகளை இரவில் ஓட்டுகிறார்கள். காலி ரயில்களை ஓடவிட்டுப் படலம் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கலான இடங்களில் தண்டவாளத்தோடு சூடேற்றும் பட்டைகளைப் பொருத்துகிறார்கள். சாதாரணக் குளிருக்கு இவை போதும். தெளித்த திரவத்தை மழை கழுவிவிட்டு, உடனே வெப்பநிலை சரிந்தால் போதாது.

அந்த வாரம் சரிந்தது கென்ட்டின் மூன்றாம் தண்டவாளம் மட்டுமில்லை. மூன்று நாள் முன்பு, டிசம்பர் 18 இரவு, இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் ஐந்து யூரோஸ்டார் ரயில்கள் நின்றுபோயின. உள்ளே 2,000க்கும் மேற்பட்ட பயணிகள். அங்கே காரணம் வேறு. பிரான்சில் பெய்த மாவு போன்ற நுண்பனி காற்றுவழித் தடுப்புகளைத் தாண்டி இன்ஜினுக்குள் புகுந்தது. சுரங்கத்தின் வெதுவெதுப்பில் அது உருகி, ஈரம் மின்னணுக் கருவிகளில் படிந்தது. அதே மாதம் 13ஆம் தேதிதான் மணிக்கு 225 கி.மீ. வேகம் போகும் ஜாவலின் ரயில்கள் கென்ட்டில் முழுச் சேவைக்கு வந்திருந்தன. அவையும் ஆஷ்ஃபோர்டைத் தாண்டி டோவர் பக்கம் போனால் அந்த மூன்றாம் தண்டவாளத்தையே நம்ப வேண்டும்.

இப்போது டொர்னேடோ. 1948, 49இல் பெப்பர்கார்ன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 49 ஏ1 வகை நீராவி இன்ஜின்கள் கட்டப்பட்டன. 1966க்குள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அந்த வரிசையில் அடுத்த எண்ணான 60163ஐக் கொடுத்து, ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டுவதென்று 1990இல் ஆர்வலர்கள் இறங்கினார்கள். டார்லிங்டனில் கட்டினார்கள், பாய்லரை ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனை செய்து கொடுத்தது. செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. நமக்கு இது அந்நியமான காரியம் இல்லை. நம்ம பொன்மலை பணிமனையும் நீலகிரி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டில் புதிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைக் கட்டியிருக்கிறது. வரைபடத்திலிருந்து மறுபடி ஓர் இன்ஜினைப் பிறப்பிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே கை அழுக்கானவர்களைக் கேட்டால் தெரியும்.

டொர்னேடோவின் உடம்பில் பயணிகளுக்கு முக்கியமான மாற்றம் டெண்டரில், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியில், இருக்கிறது. பழைய ஏ1 டெண்டர் 9 டன் கரியும் 5,000 கேலன் தண்ணீரும் கொள்ளும். ஓடும்போதே தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த தொட்டியிலிருந்து தண்ணீரை வாரிக்கொள்ளும் கரண்டியும் அந்த இன்ஜின்களில் இருந்தது. அந்தத் தொட்டிகள் இன்று எங்கும் இல்லை. அதனால் டொர்னேடோவில் கரண்டியை எடுத்துவிட்டு, கரியை ஏழரை டன்னாகக் குறைத்து, தண்ணீரை 6,200 கேலனாக, அதாவது சுமார் 28,000 லிட்டராகக் கூட்டினார்கள். இவ்வளவு பெரிய இன்ஜின் நல்ல பாரத்தோடு ஓடினால் கிலோமீட்டருக்கு 100 முதல் 130 லிட்டர் தண்ணீர் குடிக்கும். விக்டோரியாவிலிருந்து டோவர் ஏறத்தாழ 125 கி.மீ. போவதற்கு டெண்டரில் ஏறத்தாழ பாதி காலியாகிவிடும். திரும்பி வர வேண்டுமானால் வழியில் எங்காவது தண்ணீர் பிடித்தே ஆக வேண்டும். தண்ணீர்த் தூண்கள் போன பிறகு இதற்கு இருப்பது தெருவோரத் தீயணைப்புக் குழாய் அல்லது டேங்கர் லாரி. நிமிடத்துக்கு 500 லிட்டர் வந்தால் 20,000 லிட்டர் ஏற்ற 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தை நேர அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்கு ஒரு நீராவி இன்ஜினைத் திருப்பிவிட முடியாததற்கு முதல் காரணம் தண்ணீர்.

கரிக்கு வருவோம். கிலோமீட்டருக்கு 12, 13 கிலோ என்று வைத்தாலும் டோவர் வரைக்கும் ஒன்றரை டன்னுக்கு மேல் ஆகும். அத்தனையும் ஃபயர்மேன் கையால் அள்ளிப்போடுவது. மண்வெட்டிக்கு 6 கிலோ என்றால் 260, 270 தடவை குனிந்து நிமிர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் ஆடும் தளத்தில், 50 சதுர அடி அடுப்பின் மூலைமுடுக்கெல்லாம் விழும்படி வீச வேண்டும். விறகடுப்பில் பெருஞ்சமையல் செய்தவர்களுக்கு இதன் சூட்சுமம் பிடிபடும். ஒரேயடியாகத் திணித்தால் புகைதான் வரும், தீ வராது. பின் மூலைகளிலும் கதவுக்கு அடியிலும் கனமாக, முன்பக்கம் மெல்லியதாக, கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். வெள்ளை வெளிச்சத்தில் படுக்கை எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஃபயர்மேன் வெறும் மண்வெட்டியை அடுப்பு வாயில் கவிழ்த்துப் பிடிப்பார். உள்ளே போகும் குளிர்காற்று மண்வெட்டியின் முனையில் மோதித் திரும்பும்போது, அந்தக் காற்றோட்டம் சுவாலையை ஒதுக்கிக் கரிப்படுக்கையைச் சிறிது நேரம் காட்டும். எந்த இடம் கறுத்திருக்கிறது, எந்த இடத்தில் கம்பி தெரிகிறது என்று அந்த நேரத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அடுப்பை மூட்டுவது அவசரத்துக்கு ஆகாத வேலை. குளிர்ந்த பெரிய பாய்லரைச் சூடேற்ற முதல் நாளே தொடங்க வேண்டும். முதலில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சரியா என்று இரண்டு பக்கமும் பார்ப்பது. பிறகு அடுப்புக்குள் ஆளே நுழைந்து சுவர்த் தாங்கிகள், குழாய் முனைகள், செங்கல் வளைவு, அடிக்கம்பிகள், தண்ணீர் குறைந்தால் உருகும் ஈயத் திருகாணிகள் எல்லாவற்றையும் சோதிப்பது. சாம்பல் தொட்டியைக் காலி செய்வது. முன்பக்கப் புகைப்பெட்டியில் சேர்ந்த கரித்தூளை அள்ளி, கதவைக் காற்றுப் புகாமல் இறுக்குவது. அந்தக் கதவு சரியாக மூடவில்லையென்றால் வெளிக்காற்று புகுந்து உள்ளே மிச்சமிருக்கும் தூள் எரியும், புகைபோக்கியின் இழுவை செத்துப்போகும், பிறகு எவ்வளவு கரி போட்டாலும் நீராவி ஏறாது. இத்தனைக்குப் பின்தான் மெல்லிய கரிப்படுக்கையும் விறகும் எண்ணெய்த் துணியும். தீயைச் சின்னதாகவே வைத்திருக்க வேண்டும். அடுப்புச் சுவர் சூடாகி விரியும்போது பாய்லரின் அடிவயிற்றில் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும். இந்த வித்தியாசம் அதிகமானால் தாங்கிகள் வெடிப்பு விடும், குழாய் முனைகள் ஒழுகும். அதைச் சரிசெய்யப் பல மாதம் ஆகலாம். எரிபொருளும் ஆட்களும் கிடைத்தாலும் இந்த நேரத்தைக் குறுக்க முடியாது.

ஓரளவு அழுத்தம் வந்தபின் புகைபோக்கிக்குள் நீராவி பீச்சும் ஊதுகுழாயைத் திறந்து இழுவையைக் கூட்டலாம். முழு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. இதற்கிடையில் மூன்று சிலிண்டருக்கும் உரிய நகரும் பாகங்களுக்கு எண்ணெய். வெளியே இருக்கும் இரண்டும் கைக்கு எட்டும். நடுவில் இருப்பதற்கு அடியில் குழிக்குள் இறங்கி, சட்டங்களுக்கிடையே உடம்பை நுழைத்துத்தான் போட வேண்டும். பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டர் இரண்டையும் இயக்கிப் பார்க்காமல் ஷெட்டை விட்டுக் கிளம்பக்கூடாது. ஒன்று மட்டும் வேலை செய்தால் போதுமே என்று கிளம்பி, வழியில் அதுவும் அடைத்துக்கொண்டால் பாய்லருக்குத் தண்ணீர் போகாது. அதற்குமேல் தீயைக் கொட்டிவிட்டு நிற்பதைத் தவிர வழியில்லை.

பனிக்காலம் நீராவி இன்ஜினையும் சும்மா விடுவதில்லை. டெண்டருக்கும் இன்ஜினுக்கும் இடைப்பட்ட தண்ணீர்க் குழல்கள், இன்ஜெக்டரின் வழிகால், சிலிண்டரின் வடிகால் வால்வுகள், காற்றுக் குழாய்களில் சேரும் ஈரம் எல்லாம் உறையக்கூடியவை. அடுப்பில் தீ இருக்கும்வரை ஆட்கள் இவற்றை நீராவியால் சூடாக வைத்திருக்கலாம். தீ அணைந்த இன்ஜினை உறைபனியில் தண்ணீரோடு விட்டால் விடிகாலையில் குழாய் பிளந்திருக்கும். எரிசக்தியைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு போவதுதான் பனியில் அதன் பலம். கம்பியையோ மூன்றாம் தண்டவாளத்தையோ அது எதிர்பார்ப்பதில்லை. இந்தப் பலம் டீசல் இன்ஜினுக்கும் உண்டு, இன்னும் எளிதாக உண்டு. டீசலைச் சற்று நேரத்தில் கிளப்பிவிடலாம். வழியில் நின்ற ரயில்களை மீட்கக் காத்திருக்கும் டீசல் இன்ஜின்களுக்கு அந்த ஊரில் தண்டர்பேர்ட் என்று செல்லப்பெயர்.

டொர்னேடோவே போய் நின்றுபோன மின்சார ரயில் ஒன்றை இழுத்து வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அது எளிதில்லை. நீராவி இன்ஜினிடம் இருப்பது வண்டிகளைப் பிணைக்கும் கொக்கியும் திருகு கப்ளிங்கும், மோதலைத் தாங்கப் பக்கத்துக்கு ஒரு பஃபரும். தற்கால மின்சார ரயிலின் முகப்பில் இருப்பது தானியங்கி கப்ளர். அது இயந்திரப் பிணைப்பு, காற்று, மின்கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே மோதலில் இணைக்கும். இரண்டும் நேராகச் சேராது. நடுவில் கனமான அடாப்டர் வேண்டும், அதைத் தூக்கிப் பொருத்தப் பழகிய ஆள் வேண்டும். அதற்கு மேல் பிரேக். இன்ஜின் பிரேக் குழாயில் 5 பார் காற்று கொடுத்து, அதைக் குறைத்துப் பெட்டிகளை நிறுத்துவது மரபு முறை. புதிய ரயில்களில் பல பிரேக் ஆணையை மின்கம்பி வழியாக வாங்குகின்றன. மின்சாரம் செத்த வண்டியை மீட்பு நிலைக்கு மாற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் அசைக்கலாம். டொர்னேடோவில் காற்று பிரேக், வேக்குவம் பிரேக் இரண்டுக்கும் வசதி உண்டு என்றாலும் கப்ளர் சிக்கல் அப்படியே இருக்கிறது.

அந்த மாலையில் இந்த வம்பு எதுவும் வரவில்லை. பயணிகளே நடந்து வந்து வேறு ரயிலில் ஏறினார்கள். பாதை பல வாரங்களுக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்த எடையும் அகலமும் உள்ள இன்ஜின் அந்தப் பாலங்களிலும் பிளாட்ஃபார்ம் ஓரங்களிலும் போகலாம் என்று சரிபார்த்தாயிற்று. அந்தத் தடத்தின் ஏற்ற இறக்கமும் சிக்னலும் மனப்பாடமான டிரைவர் இருந்தார், கார்டு இருந்தார். சிவப்பு சிக்னலைத் தாண்டினால் தானே நிறுத்தும் கருவி, பயணத்தைப் பதியும் கருவி எல்லாம் டொர்னேடோவில் உண்டு. இவை இல்லாத இன்ஜினை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பிரதான பாதையில் விடமாட்டார்கள்.

மரபுப் பெட்டிகளுக்குக் குளிரில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. இன்ஜினிலிருந்து அழுத்தம் குறைத்த நீராவியைப் பெட்டிக்குப் பெட்டி குழல் மாட்டி அனுப்பி இருக்கைக்கடியில் சூடேற்றலாம். மின்சாரம் போய் நின்ற ரயிலில் விளக்குக்கும் அறிவிப்புக்கும் பேட்டரி சிறிது நேரம் தாங்கும், ஆனால் வெப்பம் முதலிலேயே போய்விடும். நீராவிச் சூட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கடைசிப் பெட்டியின் முனையில் வடிகாலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் தாழ்வான குழலில் தங்கி உறைந்து, அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்குச் சூடு போகாமல் அடைத்துவிடும்.

விக்டோரியாவுக்கும் டோவருக்கும் இடையே கோல்டன் ஆரோ என்ற புகழ்பெற்ற ரயிலை நீராவி கடைசியாக இழுத்தது 1961 ஜூனில். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இதே மூன்றாம் தண்டவாளம். இதை நினைக்கும்போது 2009 நிகழ்ச்சி நெஞ்சைத் தொடத்தான் செய்கிறது. அதற்காக நீராவி நம்பகமானது என்று முடிவு கட்டினால் தவறு. 2018 ஏப்ரல் 14 அன்று கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் போன டொர்னேடோ, மணிக்கு 90 மைல் ஓடும் திட்டத்தோடு கிளம்பி, சாண்டி அருகே நின்றுபோனது. நடு சிலிண்டரின் வால்வை இயக்கும் அமைப்பு சேதமானது. குழிக்குள் இறங்கி எண்ணெய் போட வேண்டிய அதே இடம்தான். அன்று அதன் பயணிகள்தான் வழியில் மாட்டிக்கொண்டார்கள். பழுதைச் சரிசெய்ய மாதக்கணக்கானது.

அமெரிக்காவில் நிலைமை வேறு மாதிரி. 1941இல் பிறந்த பிக் பாய் 4014 என்ற நீராவி இன்ஜின், 2023இல் நெப்ராஸ்காவின் பிளேர் அருகே நின்றுபோன சரக்கு ரயில் ஒன்றைப் பின்னாலிருந்து தள்ளி நகர்த்தியது. அங்கே அடாப்டர் தேடவில்லை. வட அமெரிக்கா முழுவதும் சரக்கு வண்டிகளுக்கு ஒரே வகை கப்ளர், ஒரே வகை காற்று பிரேக். 80 வயது தாண்டிய இன்ஜினும் புது வேகனும் கைகோக்க முடிகிறது. எங்களைக் கேட்டால், மீட்பு வேலையில் இன்ஜினின் வயதைவிட கப்ளரின் ஒற்றுமைதான் பெரிய விஷயம் என்போம்.

அவசரத்துக்கு நீராவியைக் கைவசம் வைத்துக்கொள்ளும் யோசனையை ஓர் அரசாங்கமே கையில் எடுத்ததும் உண்டு. பெரும்பகுதி மின்மயமான ரயில்வேயை வைத்திருந்த ஸ்வீடன், போர் வந்து மின்சாரம் அறுந்தால் என்ன செய்வதென்று நீராவி இன்ஜின்களைப் பல்லாண்டுகள் ஒளித்துப் பராமரித்தது. 1990களில்தான் அந்த இருப்பைக் கலைத்தார்கள். பிரிட்டனிலும் அப்படி ஒரு ரகசியக் கூட்டம் பாக்ஸ் என்ற ரயில் சுரங்கத்துக்குள் இருக்கிறது என்று ஆர்வலர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் கரி அள்ளத் தெரிந்த கைகளை எந்தச் சுரங்கத்தில் ஒளித்து வைக்க முடியும்? ஸ்டேஷனில் காத்திருப்பவர்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டுமானால் அது சின்னக் காரியம். குளிர்காலத்தில் சிறப்பு ரயில் ஓடும் நாட்களில், எந்தெந்த நிலையத்தில் நிற்கலாம், எத்தனை இருக்கை காலி, டிக்கெட்டை ஏற்கலாமா, கூடுதல் நிறுத்தத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையோடு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்வது.

பயணிகள் இறங்கிப் போனபின் இன்ஜினுக்கு இரவு வேலை தொடங்கும். சாம்பல் தொட்டியை வாரிக் காலி செய்து, தணலை அடுப்பின் பின்பக்கம் குவித்து, அதன்மேல் ஈரக் கரியை மூடி, காற்று வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுவார்கள். பாய்லரைக் கண்ணாடிக் குழாயின் மேல்மட்டம் வரை நிரப்புவார்கள். உறைபனி இரவென்றால் அதோடு படுக்கப் போக முடியாது. ஒருவர் விடியும்வரை விழித்திருந்து, மணிக்கொரு தரம் அடுப்பு வாயைத் திறந்து தணல் இருக்கிறதா என்று பார்த்து, இன்ஜெக்டரை ஒரு நிமிடம் ஓடவிட்டு மூடுவார்.